பாய் நனைவதற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கிறது

அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளை எட்டு, பத்து வயதாகியும் இரவில் பாயை நனைத்தால் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "ராத்திரி தண்ணி குடிக்காதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குழந்தைகளின் ரத்த நோயையும் அதனால் அவர்கள் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் ஆய்வு செய்துவரும் குழந்தை மருத்துவர் நான். இத்தனை நாள் வேலையில் எனக்குப் பிடிபட்டவற்றில் ஒன்றை மட்டும்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

அரிவாள் செல் நோயை எங்கள் பக்கத்தில் "சிக்கிள்" என்றே சொல்கிறார்கள். பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர், முள்ளுக்குறும்பர் வீடுகளில் இந்தப் பெயர் தெரியாதவர்கள் இப்போது குறைவு. 1952ஆம் ஆண்டில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, ஆப்பிரிக்காவுக்கே உரியது என்று அதுவரை நினைத்திருந்த இந்த மரபுக் கூறு தென்னிந்தியாவிலும் இருக்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பது வெளிவந்தது. அதாவது இந்தியாவில் இந்த நோயின் கதை தொடங்கிய இடங்களில் ஒன்று எங்கள் மலை. அப்படியிருந்தும், இந்த மலையில் பிறந்த ஒரு பிள்ளைக்கு மஞ்சள் கண்ணும் கை கால் குடைச்சலும் வந்தால், காமாலை என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருவதை வெர்னன் இங்ராம் 1957இல் காட்டினார். அதற்கு முன்பே 1949இல் லைனஸ் பாலிங் குழு இது மூலக்கூறு அளவிலான நோய் என்று நிறுவியிருந்தது. ஆக்ஸிஜன் குறையும் இடத்தில் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விறைக்கும், ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இந்தப் பிள்ளைகளுக்கு அது 10 முதல் 20 நாள்தான். உடைந்த அணுக்களால் கண் மஞ்சளாகிறது, வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் எலும்பு வலிக்கிறது.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தக் கூறு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை சுமப்பவர், நோயாளி இல்லை. மலேரியா மிகுந்த காட்டோரங்களில் இந்தக் கூறைச் சுமந்தவர்கள் மலேரியாவுக்குப் பலியாவது குறைந்தது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இது தங்கிவிட்டது. இதை ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து சொல்கிறேன். "எங்க குலத்துக்கு ஏதோ சாபம்" என்று சொல்லும் பாட்டிகளிடம், உங்கள் முன்னோர் மலேரியாவைத் தாண்டி உயிரோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் பாட்டி என்று சொன்னால், அவர்கள் முகத்தில் தெரியும் மாற்றம் எந்த மருந்தாலும் வராது.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் அம்மாக்கள்தான். தேவாலா பக்கத்துக் காலனி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்காக உட்கார்ந்திருந்தபோது இலை பறித்துவிட்டு வந்த ஓர் அம்மா கேட்டார்: "டாக்டரம்மா, ரத்தம் கம்மின்னு சொல்றீங்க, சரி. இவன் ஏன் ஓயாம தண்ணி குடிக்கிறான், ஓயாம ஒண்ணுக்குப் போறான்? சுகரா இருக்குமா?" பக்கத்தில் நின்ற இன்னொரு அக்கா, "எங்க புள்ளையும் அப்படித்தான், மழைக்காலத்துல பாய் காயறதே இல்ல" என்றார். கேட்டுக்கொண்டே போனால் சிக்கிள் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இதே பேச்சு. சர்க்கரை பார்த்தால் இயல்பாக இருக்கும். சிறுநீரைப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் என்ற சிகாகோ மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்த கட்டுரையிலேயே, தன் நோயாளிக்குச் சிறுநீர் அதிகமாகப் போகிறது, அதன் அடர்த்தி குறைவாக இருக்கிறது என்று குறித்திருக்கிறார். முதல் நோயாளியிடமே தெரிந்த அடையாளம் அது. நூறாண்டு கழித்தும் நாம் இந்தப் பிள்ளைகளிடம் வலியைக் கேட்கிறோம், காய்ச்சலைக் கேட்கிறோம், பாய் நனைகிறதா என்று கேட்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? சிறுநீரகத்தின் உட்பகுதியில்தான் உடம்பு தன் தேவைக்கேற்பச் சிறுநீரிலிருந்து தண்ணீரைத் திரும்ப எடுத்து அதைச் சுண்டவைக்கிறது. அந்த உட்பகுதியில் ஆக்ஸிஜன் குறைவு, உப்புச் செறிவு அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். அரிவாள் செல் வளைவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருக்கிறது. அங்குள்ள நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டு அழியும்போது, சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் போய்விடுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் சிறுநீர் நிற்காது. நல்ல சிறுநீரகம் தேவைப்படும்போது சிறுநீரைக் கிலோவுக்கு 1000 மில்லி ஆஸ்மோலுக்கு (செறிவை அளக்கும் அலகு) மேல் சுண்டவைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அது 400, 450ஐத் தாண்டுவது கடினம். இந்தக் குறை சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் ரத்தம் ஏற்றினால் இந்தத் திறன் கொஞ்ச காலம் திரும்பி வருவதையும் ஆய்வாளர்கள் 1950களிலேயே கண்டார்கள். வயது ஏற ஏற அது திரும்புவதில்லை.

ஆகவே இந்தப் பிள்ளை குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையாது, ரத்தத்தில் உள்ள தண்ணீர்தான் குறையும். தண்ணீர் குறைந்த ரத்தத்தில் அரிவாள் செல்கள் இன்னும் அதிகமாக வளையும். மறுநாளோ அதற்கு மறுநாளோ வலி வந்து நிற்கும்.

இதை நான் கண்கூடாகப் பார்த்தது ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில். ஏழாவது படிக்கும் பையன், அடிக்கடி முட்டி வலி, தொடை வலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவன். மாத்திரை சரியாகப் போடுகிறான். பிறகு ஏன் இத்தனை முறை வலி வருகிறது என்று பள்ளிக்கே போய் விசாரித்தேன். வார்டன் நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னார்: "மேடம், இவன் தினம் பெட்டை நனைச்சிடறான், மத்த பசங்க கிண்டல் பண்றாங்க. அதனால நாலு மணிக்கு மேல தண்ணி குடுக்காதீங்கன்னு சமையலம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கோம்." பையனைத் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டால், அவனே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் தொடுவதில்லை என்றான். வகுப்பில் இருந்து அடிக்கடி எழுந்து போனால் டீச்சர் முறைக்கிறார், அதனால் காலையிலும் குடிப்பதில்லை. கழிப்பறை விடுதியிலிருந்து தள்ளி இருக்கிறது. ராத்திரி அங்கே விளக்கு கிடையாது, யானை நடமாட்டமும் உண்டு. எந்தப் பிள்ளை எழுந்து போகும்?

வார்டனிடம் இந்த நோயில் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டினேன். அன்றே ஏற்பாடு மாறியது. பையனின் கட்டில் கதவுக்குப் பக்கத்தில் வந்தது, வராந்தாவில் ஒரு பல்பும் ஒரு மூடி போட்ட வாளியும் வந்தன. படுக்கப் போகும்போது ஒரு முறையும், வார்டன் தூங்கப் போகும் முன் எழுப்பி ஒரு முறையும் சிறுநீர் கழிக்க வைத்தார்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், கூடுதலாக இரண்டு போர்வை. தண்ணீர் பாட்டில் வகுப்பிலேயே அவன் மேசைமேல். அவன் பாய் நனைப்பது உடனே நின்றுவிடவில்லை, ஆனால் தண்ணீர் குடிக்கப் பயப்படுவதை நிறுத்தினான். வலிக்காக ஆஸ்பத்திரி வருவதும் குறைந்தது. ஒரு பையனை வைத்து அறிவியல் முடிவு எதையும் சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதில் செலவு என்று பார்த்தால் ஒரு பல்பும் ஒரு வாளியும்தான். இதைச் செய்து பார்க்க யாரும் ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பாய் நனைவதற்குச் சிறுநீர் நீர்த்துப்போவது மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தொண்டையில் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் அடினாய்டும் வீங்கி, தூக்கத்தில் மூச்சு அடைக்கும். குறட்டை விடுகிறதா, வாயைத் திறந்து தூங்குகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். அப்படி இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம். தூக்கத்தில் ஆக்ஸிஜன் குறைவது இந்த நோய்க்கு எந்த வகையிலும் நல்லதல்ல. மற்றக் குழந்தைகளுக்குப் பாய் நனைவதை நிறுத்தக் கொடுக்கும் டெஸ்மோபிரஸின் மருந்து இங்கே அவ்வளவாக வேலை செய்வதில்லை. அது வேலை செய்ய வேண்டிய உட்பகுதியே சேதமாகியிருக்கிறது. அதோடு அந்த மருந்தைப் போட்டால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கோ தண்ணீரைக் குறைக்கவே கூடாது. ஆகவே அதைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் என்று எல்லோரும் கேட்பார்கள். 20 கிலோ எடையுள்ள எந்தக் குழந்தைக்குமே நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் திரவம் வேண்டும். சிக்கிள் உள்ள பிள்ளைக்கு அதற்கும் மேல், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னும் மேல். மலையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. குளிரில் தாகமே தெரியாது. மார்கழி, தையில் சில்லென்ற தண்ணீரைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குப் பதில் கட்டன் சாயா என்கிற பால் விடாத தேநீர்தான் ஓடும், கைக்குழந்தைக்குக்கூட ஒரு மடக்கு கொடுத்துவிடுவார்கள். நாங்கள் சொல்வது, அடுப்பு எரியும்போதே ஒரு பாத்திரம் தண்ணீரும் காயட்டும், வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள், கஞ்சித் தண்ணீரும் ரசமும் கணக்கில் சேரும் என்பதுதான். குளிரே இந்த வலிக்கு ஒரு தூண்டுகோல். கூடலூரிலிருந்து ஊட்டிக்குப் பள்ளிச் சுற்றுலா போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை, பிளாஸ்க்கில் வெந்நீர் இல்லாமல் அனுப்பாதீர்கள். உறைபனிக் காலத்தில் ஊட்டிப் பயணத்தையே தவிர்க்கச் சொல்வேன். குளத்திலோ ஓடையிலோ குளிரக் குளிர விளையாடுவதும் அப்படித்தான்.

இதுவரை சொன்னது நோயின் முதல் கட்டம். எங்கள் ஆய்வின் பெரும்பகுதி அடுத்த கட்டத்தைப் பற்றியது, அதாவது சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கசிவது. ரத்தசோகையால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, வடிகட்டும் வேகமும் கூடுகிறது. ஓவர்டைம் பார்க்கும் தொழிலாளியைப் போலத்தான், முதலில் உற்பத்தி கூடும், பிறகு உடம்பு விழும். வடிகட்டிகள் மெல்லத் தழும்பேறி, ஆல்புமின் கசியத் தொடங்கும். பிள்ளைக்கு வலி இருக்காது, வீக்கம் இருக்காது, ஒன்றுமே தெரியாது. சோதித்தால்தான் தெரியும். 10 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது 2014இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல்.

பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிப்ஸ்டிக் என்ற சாயப்பட்டையை மட்டும் தோய்த்துப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளிடம் ஏமாறுவோம். சிறுநீர் நீர்த்திருப்பதால் ஆல்புமின் இருந்தும் பட்டையில் நிறம் மாறாது. ஆல்புமினுக்கும், தசையிலிருந்து வந்து சிறுநீரில் போகும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் மீண்டும் சோதிக்க வேண்டும், திரும்பவும் அப்படியே இருந்தால் சிகிச்சை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீராக இருப்பது முக்கியம். ஓடியாடிய பிறகு எடுத்தால், காய்ச்சலோ வலியோ இருக்கும்போது எடுத்தால், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாளில் எடுத்தால் எண் பொய்யாக ஏறியிருக்கும்.

முதல் சிறுநீர் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதுவது எளிது. எங்கள் மலையில் விடியும் முன் எந்தக் காலனிக்கும் போக முடியாது. "யானை நிக்குது, இப்ப வராதீங்க" என்று போன் வரும். அதனால் முந்தின நாள் மாலையே மூடி போட்ட டப்பாவில் பெயர் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். காலையில் அம்மா பிடித்து வைப்பார். ஊரிலேயே உள்ள சுகாதாரப் பணியாளர் பெண், வழி தெளிந்ததும் ஐஸ் பெட்டியோடு போய்ச் சேகரித்துக்கொண்டு வருவார். மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு நடந்துபோய் மாதிரி கொண்டுவரும் இந்தப் பெண்கள் இல்லையென்றால் ஆய்வே இல்லை. மருத்துவக் கட்டுரைகளில் இவர்கள் பெயர் கடைசி வரி நன்றியோடு முடிந்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம். அவர்களும் ஆய்வாளர்கள்தான்.

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். லேப் தாளில் இயல்பு அளவு என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. 120 செ.மீ. உயரமுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஸ்வார்ட்ஸ் சூத்திரப்படி உயரத்தை 0.413ஆல் பெருக்கிக் கிரியேட்டினினால் வகுத்தால் வடிகட்டும் வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். கிரியேட்டினின் 0.4 என்றால் 124 வருகிறது. 0.8 என்றால் 62தான், பாதியாகிவிட்டது. ஆனால் 0.8 என்ற எண்ணுக்கு நேரே லேப் தாளில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. சிக்கிள் பிள்ளைகளுக்குச் சதை குறைவு, கிரியேட்டினினை வெளியேற்றும் வேகமும் அதிகம். அதனால் அவர்கள் எண் மற்றப் பிள்ளைகளைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் அப்படியே, இந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஒத்த வயதுப் பிள்ளைகளின் அளவுக்கு வந்துவிட்டாலே ஒரு கண் வைக்க வேண்டும்.

இதிலிருந்துதான் நோட்டுப் பழக்கத்தைத் தொடங்கினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நோட்டு. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஹீமோகுளோபின் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, ஆல்புமின் விகிதம் எவ்வளவு, மண்ணீரல் விலாவுக்குக் கீழே எத்தனை விரல் அளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு. இது அந்தப் பிள்ளையின் சொந்த எண். பந்தலூர்ப் பக்கத்து மக்கள் அவசரத்துக்குக் கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குப் போவார்கள், கூடலூர் மக்கள் ஊட்டிக்கோ கோழிக்கோட்டுக்கோ போவார்கள். அங்குள்ள மருத்துவருக்குப் பிள்ளையைத் தெரியாது. ஹீமோகுளோபின் 8 என்று பார்த்ததும் ரத்தம் ஏற்ற நினைப்பார். அந்தப் பிள்ளைக்கு எப்போதுமே 8தான் என்று நோட்டு சொன்னால் யோசிப்பார். அதே பிள்ளைக்கு 5 என்றால் நோட்டே அவசரத்தை உணர்த்தும். ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவதற்கும் இந்த நோட்டு ஒரு தடை. இரும்பு குறைந்திருக்கிறதா என்று ஃபெரிட்டின் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இவர்களுக்குப் பொதுவாக வேண்டியது ஃபோலிக் அமிலம்.

வலி மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கை கால் வலி என்றதும் டைக்ளோஃபினாக் ஊசி போடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். மருந்துக் கடையில் கேட்டால் இபுப்ரூஃபனோ மெஃபெனமிக் அமிலமோ கையில் வந்துவிடும். இந்த வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகம், உடம்பில் தண்ணீர் குறைந்த நேரம், அதோடு இந்த ஊசி என்றால் சேதம் சட்டென்று ஏறிவிடும். சிறுநீரகம் நன்றாக உள்ள பிள்ளைக்கு, தண்ணீர் சத்து குறையாமல் இருக்கும்போது, மருத்துவர் கணக்குப் பார்த்துச் சில நாள் கொடுப்பது உண்டு. நாமாக வாங்கிப் போடுவது வேண்டாம். வீட்டில் பாராசிட்டமால், எடைக்குத் தக்க அளவு, கூடவே தண்ணீர், வெதுவெதுப்பான ஒத்தடம். அதற்கு அடங்காத வலி என்றால் ஆஸ்பத்திரிதான். அங்கே மார்ஃபின் வரை கொடுக்கலாம். "சின்னப் பையனுக்கு இவ்வளவு வலி வருமா, நடிக்கிறான்" என்று நினைப்பது கொடுமை. இந்த வலி நடிப்பு இல்லை. அமிக்கேசின், ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லி ஊசிகள், ஸ்கேனுக்குப் போடும் சாய மருந்து ஆகியவற்றுக்கு முன்னும் "இவனுக்குச் சிக்கிள், கிட்னி டெஸ்ட் பாத்துட்டுப் போடுங்க" என்று அம்மாவே சொல்லப் பழக வேண்டும். எங்கள் அம்மாக்கள் சொல்கிறார்கள்.

இந்த நோய்க்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையைப் பற்றிப் பயம் இன்னும் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாமே என்று கேட்பார்கள். இது கருவில் இருக்கும்போது ஓடிய வகை ஹீமோகுளோபினைத் திரும்ப அதிகமாக்கும். அது அதிகமானால் அணு வளைவது குறையும். பெரியவர்களுக்கு வலியைப் பாதியளவுக்குக் குறைக்கிறது என்பது 1995இல் நிறுவப்பட்டது. 2011இல் வெளியான பேபி ஹக் ஆய்வில் 9 முதல் 18 மாதக் குழந்தைகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த மருந்தையும் மறு பாதிக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு முதன்மையாகத் தேடியது மண்ணீரலையும் சிறுநீரக வடிகட்டும் வேகத்தையும் காப்பாற்றுகிறதா என்பதை. அந்த இரண்டிலும் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் வலியும் கை கால் வீக்கமும் வெகுவாகக் குறைந்தன. பிறகு அதே குழந்தைகளின் தரவை ஆராய்ந்தபோது, மாத்திரை எடுத்தவர்களின் சிறுநீரகம் சிறுநீரைக் கொஞ்சம் கூடுதலாகச் சுண்டவைப்பது தெரிந்தது. சின்ன வயதில் தொடங்கினால் அந்த உட்பகுதியைக் கொஞ்சமாவது காக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. மாத்திரை எடுக்கும் பிள்ளைக்கு ரத்த அணு எண்ணிக்கையை ஒழுங்காகப் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும்போது மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும். ஆல்புமின் தொடர்ந்து கசிந்தால், அதைக் குறைக்க எனலாப்ரில் அல்லது லோசார்ட்டன் மாத்திரை சேர்ப்போம். அப்போது பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்காமல் மாத்திரையைத் தொடரக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அந்த மாத்திரையை அன்று நிறுத்தலாமா என்று உடனே போன் செய்து கேட்கச் சொல்லியிருக்கிறோம்.

ஆய்வு செய்ய வருகிற இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உங்களுக்கு முன்னாடியும் வந்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, போனாங்க. எங்க புள்ளைக்கு என்னன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல" என்று ஒரு காலனியில் மூப்பர் சொன்னார். அவர் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. எடுத்த ஒவ்வொரு மாதிரியின் முடிவையும் அந்த வீட்டுக்கே போய், அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்வது வரை ஆய்வு முடியவில்லை என்று எங்களுக்குள் வைத்திருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 வயது நிறைந்த குழந்தையிடமும் சம்மதம் கேட்கச் சொல்கின்றன. கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறார்கள் என்று தெரியும். "ஊசி வேணாம், ஒண்ணுக்கு டப்பா மட்டும் தரேன்" என்று ஒரு சிறுமி சொன்னாள். அவளிடம் அதை மட்டும்தான் வாங்கினோம். சுமப்பவர் என்ற முடிவைப் பொது இடத்தில் சொல்லவே கூடாது. கல்யாணப் பேச்சில் அது பெண்பிள்ளைகளைத்தான் முதலில் அடிக்கும். இருவரும் சுமப்பவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, நிதானமாகச் சொல்ல வேண்டும். முடிவு அவர்களுடையது.

சோதிப்பதற்கு இப்போது வழி இருக்கிறது. கூடலூரில் அஷ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் பல காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. 2023 ஜூலை 1இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. முகாமில் செய்யும் கரைதிறன் சோதனை நோயாளியையும் சுமப்பவரையும் பிரித்துக் காட்டாது, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சரிவரவும் வராது. அதில் பாசிட்டிவ் வந்தால், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி சோதனை செய்து உறுதிசெய்யும் வரை விடாதீர்கள்.

காத்திருக்காமல் ஓட வேண்டிய நேரங்கள் சில உண்டு. காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால், அது எந்த நேரமானாலும். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் திடீரென்று வீங்கிப் பிள்ளை வெளுத்துப்போனால். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால். சிறுநீர் கட்டன் சாயா நிறத்திலோ சிவப்பாகவோ போனால் அதே நாளில் காட்டுங்கள். சுமப்பவர்களுக்கும் எப்போதாவது அப்படி ரத்தம் கலந்து போவதுண்டு. பெரும்பாலும் ஓய்வும் தண்ணீருமே போதும், ஆனால் ஸ்கேன் பார்த்து மற்றக் காரணங்களை விலக்க வேண்டும். முகமோ காலோ வீங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, நாங்கள் பள்ளிகளுக்குக் கொடுக்கும் கடிதம். பிள்ளையின் பெற்றோர் சம்மதித்த பிறகே தலைமை ஆசிரியருக்கும் வார்டனுக்கும் மட்டும் தருகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்:

"ஐயா, அம்மா, இந்த மாணவருக்கு அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறது. இது தொற்றாது. இந்த நோயால் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் சிறுநீரகத்தில் குறைந்துவிட்டது, அதனால் இவர் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் வேண்டும். வகுப்பில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளவும், கேட்காமலே எழுந்து கழிப்பறை போகவும் அனுமதியுங்கள். தேர்வு நேரத்திலும் இது பொருந்தும். இரவில் படுக்கை நனைந்தால் அது நோயின் விளைவு, தண்டிக்க வேண்டாம், மாற்றுத் துணி கொடுங்கள். மாலையிலும் இரவிலும் தண்ணீரைத் தடுக்க வேண்டாம். குளிரில் வெளியே நிற்கவைக்கவோ மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கவோ வேண்டாம். விளையாட அனுமதியுங்கள், களைத்தால் உட்காரவிடுங்கள். வலி என்று சொன்னால் நம்புங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மருந்து கொடுக்க வேண்டாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், தளர்ச்சி இருந்தால் 108ஐ அழைத்துவிட்டு எங்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். இவருடைய நோட்டு இவர் பையிலேயே இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு கொடுத்து அனுப்புங்கள்."